வள்ளத்தில் எழுத ஒரு வார்த்தை

ஸ்டிக்கர் வெட்டும் தொழிலில் வாடிக்கையாளர் எழுத்துக்குத்தான் காசு கொடுப்பார்; அர்த்தம் இலவசம், ஆனால் அது தப்பாகிவிட்டால் பழி முழுக்க நமக்கு.

நீங்களும் ஏதாவது ஒரு கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைப்பவர் என்றால் என் நிலைமை புரியும். மார்த்தாண்டத்தில் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஸ்டிக்கரும் பெயர்ப்பலகையும் செய்கிற ஒரு கடையில் கம்ப்யூட்டர் முன்னால் இருக்கிறேன். எங்கள் பக்கத்தில் எபெனேசர் என்று பெயர் வைக்காத பலசரக்குக் கடையும், யெகோவாயீரே என்று எழுதாத ஆட்டோவும், பெத்தேல் என்று பலகை தொங்காத வீடும் உண்டு; ஆனால் தேடிப் பார்க்க வேண்டும். எல்லாம் எபிரெய வார்த்தைகள். நானோ இறையியல் படித்தவள், அதில் இரண்டு வருடம் எபிரெயம். அப்பா ரப்பர் பால் வெட்டுகிறார். அம்மா அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், பருப்புக்குத் தோல் உரிக்கிறாள். எங்கள் வீட்டுக்குள் ஒரு பட்டத்தை முதலில் கொண்டுவந்தவள் நான். அதற்குரிய வேலை மட்டும் இன்னும் பின்னால் வந்து சேரவில்லை.

அர்த்தம் கேட்கிறவர்களுக்குச் சொல்வேன். சொல்லும்போதெல்லாம் பயம்தான். பரீட்சையில் தப்பாக எழுதினால் மதிப்பெண்தான் போகும். இங்கே தப்பாகச் சொன்னால் அது ஒருவர் வீட்டு நெற்றியில் வருடக்கணக்காக நிற்கும். அதனால் மேசைக்கு அடியில் அகராதி வைத்திருக்கிறேன். கடைக்காரர் சுயம்பு அண்ணன் அய்யாவழிக்காரர், நெற்றியில் நாமம் இடாமல் கடை திறக்கமாட்டார். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அவர் போட்ட ஒரே நிபந்தனை இதுதான்: "நீ அர்த்தம் சொல்லு பிள்ளே, நான் வேண்டாம்னு சொல்லல்ல. ஆனா நீ சொல்லி முடிக்கதுக்குள்ள மிஷினு துருப்பிடிக்கப்பிடாது."

மைனி பார்க்கணும்

தேங்காய்ப்பட்டணம் பக்கத்துக் கடற்கரையிலிருந்து சூசை அண்ணன் வந்தார். புதிதாக ஒரு பைபர் வள்ளம், மீன்பிடிப் படகு, வாங்கியிருக்கிறார். ஊர்த் திருவிழாவுக்கு முன்னால் பங்குச் சாமியார் வந்து மந்திரித்துக் கடலில் இறக்க வேண்டும், அதற்குள் பெயர் எழுத வேண்டும். "நீதானே எபிரெயம் படிச்ச பிள்ள?" என்றார். கொஞ்சம் என்றேன். "கொஞ்சம் போதும். எனக்கு ஒரு வார்த்ததான் வேணும்" என்று சொல்லிவிட்டு, ஸ்டூலில் உட்காராமல் நின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னார்.

பழைய வள்ளத்தில் அவரும் அவருடைய அண்ணனும் ஒன்றாகத்தான் போவார்கள். போன வருடம் காற்றில் வள்ளம் கவிழ்ந்தது. இவர் ஒரு பிளாஸ்டிக் கேனைப் பிடித்துக்கொண்டு கிடந்தார், வேறு ஊர் வள்ளக்காரர்கள் தூக்கினார்கள். அண்ணன் கிடைக்கவில்லை. அதன்பிறகு ஊரில் நன்றிப் பூசை வைத்தார்கள். கடவுள் சூசையைக் காப்பாற்றினார் என்று எல்லோரும் சொன்னபோது, அண்ணன் மனைவி முன்வரிசையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவரைத்தான் இவர் மைனி என்கிறார்.

தமிழில் காப்பாற்றினார் என்று எழுதினால், அப்பம் மத்தவன் என்ன ஆனான் என்று அந்த எழுத்தே கேட்குமாம். பழைய பாஷையில் வேறு வார்த்தை இருக்கும் என்று யாரோ சொன்னார்களாம். அவர் கேட்டதை அப்படியே தருகிறேன்: "தெய்வம் என்னக் கரைசேத்தாருன்னு எழுதணும் பிள்ளே. ஆனா எனக்க மைனி தெனமும் கரையில நிக்கியவ. அவ பாத்தா நோவப்பிடாது."

இருக்கலாம்

வார்த்தை இருக்கிறது, நிறையவே இருக்கிறது. தமிழ் வேதாகமத்தில் நாம் மீட்டார், தப்புவித்தார், விடுவித்தார், இரட்சித்தார் என்று வேகமாகப் படித்துக்கொண்டு போகிற இடங்களில் எபிரெயத்தில் வேறுவேறு வார்த்தைகள் நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒவ்வொரு காட்சி. அந்த வாரத்திலிருந்து எந்த வாடிக்கையாளர் என்ன கேட்டாலும் ஒரு கண் சூசை அண்ணனின் வள்ளத்தின் மேலேயே இருந்தது.

முதலில் அகப்பட்டது யாஷா. இரட்சிப்பு என்ற சொல்லும் இயேசு என்ற பெயரும் அந்த வேரிலிருந்து வருபவை. குழித்துறைப் பக்கத்திலிருந்து ஒருவர் புது வீட்டுக்கு அந்த வேரில் ஒரு பெயர் கேட்டு வந்தார். அந்தச் சொல்லின் அடியில் இடம் அகலமாவது என்ற பொருள் இருக்கலாம் என்று சிலர் சொல்கிறார்கள், சிலர் ஒப்புக்கொள்வதில்லை என்றேன். ஆனால் நெருக்கத்தில் கிடந்தவர் கூப்பிட, கடவுள் அவரைப் பரந்த இடத்தில் கொண்டு நிறுத்துவதாகச் சங்கீதத்தில் வருகிறது, அது நிச்சயம் என்றும் சொன்னேன். மனிதர் கண் விரிந்துவிட்டது. அவர் வீட்டுக்குப் போகிற வழி ஓர் ஆள் நடக்கிற இடவழி, அதை அகலமாக்க முடியாமல் பக்கத்து வீட்டுக்காரரோடு வழக்கு நடக்கிறது. அந்த அர்த்தத்தையே பெரிதாக, பக்கத்து வீட்டு ஜன்னலுக்கு நேராகத் தெரிகிற மாதிரி போடச் சொன்னார். நான் என் மனச்சாட்சிக்குப் பயந்து, அந்த அகலம் என்கிற பொருள் 'இருக்கலாம்' மட்டும்தான் சார் என்று இன்னொரு முறை சொன்னேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"போர்டுல 'இருக்கலாம்'னு போட முடியாதே மக்களே. கேஸு தோத்துரும்."

கால் யாருடையது

வெட்டிய பிறகு எழுத்தைச் சுற்றியும் எழுத்தின் சுழிக்குள்ளும் நிற்கிற வேண்டாத ஸ்டிக்கரை ஊசியால் கிள்ளி எடுக்க வேண்டும். அந்தத் துண்டுகள் தரையில் விழுந்து செருப்பில் ஒட்டிக்கொள்ளும். மற்ற கடைகளில் பெருக்கித் தள்ளிவிடுவார்கள். எங்கள் கடையில் சாமி பெயர் என்றால் அதன் கழிவுக்குத் தனிப் பை. சிவனாக இருந்தாலும் அல்லாவாக இருந்தாலும் அந்தப் பைதான்.

யெகோவா என்று வெட்டிய ஒரு பலகையின் துண்டுகளைச் சுயம்பு அண்ணன் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். இது உங்கள் சாமி இல்லையே அண்ணே, விடுங்கள், நான் எடுக்கிறேன் என்றேன். வாயில் நல்ல எண்ணத்தோடுதான் வந்தது, வந்த பிறகு கேட்க நன்றாக இல்லை. அவர் நிமிரவே இல்லை.

"சாமி யாருக்கதுன்னு பாக்க நமக்கு நேரமில்ல பிள்ளே. காலு நம்முடையதுல்லா."

சிங்கமும் ஜங்ஷனும்

ஓர் ஆம்புலன்ஸ் ஓட்டுநர் முன்கண்ணாடிக்கு மேலே எழுத ஒரு வார்த்தை கேட்டார். எனக்கு உடனே நாட்சால் ஞாபகம் வந்தது. பிடுங்கி எடுப்பது. ஆட்டுக்குட்டியைக் கவ்விக்கொண்டு போன சிங்கத்தைத் துரத்திப் போய், அதன் வாயிலிருந்து குட்டியைப் பிடுங்கினேன் என்று ஒரு மேய்ப்பன் சொல்கிற இடத்தில் வருகிற வார்த்தை. கடவுள் தம் ஜனங்களை விடுவிக்கும்போதும் அதே வார்த்தைதான். தூரத்தில் நின்று கட்டளையிடுகிற காரியமில்லை. பல்லுக்கு இடையில் கை போகிறது.

ஓட்டுநர் மிகவும் மகிழ்ந்துபோனார். இது நம்ம டூட்டிதான் என்று அங்கேயே நின்று இரண்டு பேருக்குப் போன் பண்ணிச் சொன்னார். வெளியே ஹாரன் சத்தம் கூடிக்கொண்டே இருந்தது. அவருடைய வண்டியேதான் எங்கள் கடை முன்னால் வழியை மறித்து நின்றிருக்கிறது. ஓடிப்போய் ஏறியவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"சிங்கம்கூட எப்பமாவது வாயத் தொறக்கும் பிள்ளே. இந்த மார்த்தாண்டம் ஜங்ஷன் தொறக்காது!"

மற்ற ஆடு

அந்த உற்சாகத்தில் சூசை அண்ணனுக்குப் போன் பண்ணினேன். பின்னணியில் காற்றும் யாரோ வலையை உதறுகிற சத்தமும் கேட்டன. சிங்கத்தின் கதையைச் சொன்னேன். கடலின் வாயிலிருந்து உங்களைப் பிடுங்கி எடுத்தார் என்று வரும், சரியாக இருக்கும் அண்ணே என்றேன். வலையைக் கீழே வைக்கும்படி யாரிடமோ சொல்லிவிட்டுப் பேசினார்.

"ஒரு ஆட்டப் பிடுங்கியாச்சு, செரி. மத்தது இன்னும் சிங்கத்துக்க வாயிலயே இருக்கே பிள்ளே."

வலை அறுந்தது

அடுத்த வார்த்தை மாலாட். பிடியிலிருந்து வழுவி வெளியே வருவது. வேடன் வைத்த கண்ணிவலை அறுந்து குருவி பறந்துபோகிற சங்கீதத்தில் வருகிறது. கல்ஃபிலிருந்து திரும்பி வந்து பேக்கரி வைக்கிற ஒருவருக்கு இதைச் சொன்னேன். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்ட ஒரு முதலாளியிடமிருந்து இரண்டு வருடம் போராடி வந்தவர். கேட்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பட்டம் வாங்கிய நாளில்கூட என் படிப்பின் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை வந்ததில்லை. பெயரை டைப் செய்து, அடியில் 'கண்ணி அறுந்தது' என்று சிறிய எழுத்தில் வைத்துக் காட்டினேன். சற்று நேரம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பேரு கெடக்கட்டும். அடியில உள்ளத எடுத்துரு மோளே. அடுத்த மாசம் எனக்க மச்சினன் அதே கம்பெனிக்குப் போறான்."

அன்று சாயங்காலம் பெயிண்ட் நிறம் பார்க்க வந்த சூசை அண்ணனிடம் இதையும் சொல்லிப் பார்த்தேன். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். சிரித்த உடனே யாராவது பார்த்துவிட்டார்களா என்பதுபோல் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"வலைய நம்பிப் பொழைக்கியவன் வள்ளத்துல, வலை அறுந்துதுன்னா எழுதச் சொல்லுத?"

வராத ஆளுக்கும் ஒரு பங்கு

திருவிழா நெருங்கியது. என்னிடம் வார்த்தை இல்லை. எபிரெயம் படித்த பிள்ளை என்று நம்பி வந்தவரிடம், ஏதாவது ஒரு மாதா பெயரையே எழுதிக்கொள்ளுங்கள் அண்ணே என்று சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். அப்போதுதான் ஒரு மத்தியானம், சந்தையில் மீன் விற்று முடித்து, காலியான அலுமினியச் சருவத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு பெண் கடைக்குள் வந்தார். சருவத்தை வாசலுக்கு வெளியே வைத்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார். "சூசை வள்ளத்துக்குப் பேரு கேட்டானே, அந்தக் கடைதானா? நான் அவனுக்க மைனி" என்றார்.

"அவன் எனக்கு வேண்டிப் பயந்து பேடிச்சுச் சாவுதான் மக்களே" என்றார். "எனக்க முன்னால சிரிக்க மாட்டான். கறி நல்லாருக்குன்னு சொல்ல மாட்டான். உசிரோட வந்தது குத்தம் மாதிரி நடக்கியான். இப்பம் வேற ஆளுக்க வள்ளத்துலதான் போறான். மீனு வித்துப் பங்கு வெக்கும்போ வள்ளத்துக்கு ஒண்ணு, இன்ஜினுக்கு ஒண்ணு, ஆளுக்கு ஒண்ணு. இவனுக்கு வாறதுல பாதிய அண்ணனுக்க பங்குன்னு மாத்தி வெக்கியான். வராத ஆளுக்குப் பங்கு! அதையும் எனக்க முகத்தப் பாக்காம வாசல்ல வச்சிட்டு ஓடிருவான். அவன் பிழைச்சான்னு நல்லாப் பெருசா எழுது. நான் பாத்துக்கிடுதேன்."

எனக்கு அப்போதுதான் அந்த இன்னொரு வார்த்தை ஞாபகம் வந்தது. அது எனக்குத் தெரியாததல்ல. அதில் கடலும் இல்லை, சிங்கமும் இல்லை, கோர்ட்டு விவகாரம் மாதிரி இருக்கிறது என்று ஒதுக்கி வைத்திருந்தேன். கோயேல். தமிழில் மீட்பர் என்று படிக்கிறோம். எபிரெயத்தில் அது ஒரு சொந்தக்காரர். வீட்டில் ஒருவர் இறந்துபோனால், அவருடைய நிலம் கைவிட்டுப் போகாமல், பெயர் அழியாமல், விதவையும் பிள்ளைகளும் தெருவில் நிற்காமல் பார்த்துக்கொள்ளும் கடமை நெருங்கிய உறவினருக்கு உண்டு. அந்தக் கடமைக்காரருக்குத்தான் அந்தப் பெயர். கணவனை இழந்த ஒரு பெண் மாமியாரோடு வந்து வயலில் கதிர் பொறுக்குகிற கதையில், அந்த வயல்காரர் அப்படிப்பட்ட ஒருவர். எகிப்திலிருந்து அடிமைகளை மீட்கிறேன் என்று கடவுள் சொல்லும்போதும் அதே வேரைத்தான் எடுக்கிறார். இவர்கள் எனக்குச் சொந்தம், விடமாட்டேன் என்பதுபோல. இதையெல்லாம் தட்டுத்தடுமாறிச் சொன்னேன். இந்த முறை 'இருக்கலாம்' சொல்ல வேண்டி வரவில்லை.

மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. சுயம்பு அண்ணன் போய் அதை நிறுத்தினார். மைனி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, என்னிடம் இல்லாமல் சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"அப்பம் தெய்வம் நமக்குச் சொந்தக்காரரா? சொந்தக்காரர்னா நாலு கேள்வி கேக்கலாம்லா. எனக்கு அவர்ட்ட கேக்க நெறைய உண்டு. அந்தப் பேரையே போடு மக்களே, தெனமும் கரையில நின்னு கேக்கணும்."

வெட்டு

வீட்டுக்குப் போய் அகராதியையும் வேதாகமத்தையும் விரித்து உட்கார்ந்தேன். கடவுளிடம் சண்டை போடலாம் என்று நான் சொல்லவில்லை, அவர்தான் சொன்னார். இருந்தாலும் பொறுப்பு எனக்கு என்று பயம். பிள்ளைகளையும் சொத்தையும் இழந்து சாம்பலில் உட்கார்ந்த மனிதர் ஒருவர் வேதத்தில் இருக்கிறார். தன் மீட்பர் உயிரோடிருக்கிறார் என்று அவர் சொல்வதைச் சாவு வீடுகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அங்கே இருப்பதும் இதே கோயேல்தான். முன்னும் பின்னும் படித்துப் பார்த்தால், அவர் அதைச் சொல்வது கடவுளோடு வழக்காடிக்கொண்டிருக்கும்போது. மைனி புதிதாக எதையும் இழுத்துக்கொண்டு வரவில்லை, அந்த வார்த்தை இருக்கிற இடத்துக்கே போய் உட்கார்ந்திருக்கிறார். அப்பாடா என்று இருந்தது.

மறுநாள் சூசை அண்ணனுக்குப் போன் பண்ணினேன். சொந்தக்காரர், கடமை, பங்கு எல்லாம் சொன்னேன். "பங்கு வெக்கது உனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார். மைனி வந்திருந்தார்கள், தினமும் கரையில் நின்று கடவுளைக் கேள்வி கேட்க இந்தப் பெயரைத்தான் போடச் சொன்னார்கள் என்றேன். "அது எனக்க பங்குல பாதின்னு அவளுக்குத் தெரியுமா?" என்றார். தெரியும், எல்லாம் தெரியும் என்றேன். பிறகு, "அப்பம் நான் செய்யுத வேலையும் தெய்வம் செய்யுத வேலையும் ஒண்ணுன்னா சொல்லுத?" என்று கோபமாகவா பயமாகவா என்று தெரியாத குரலில் கேட்டார். அவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்ல எனக்குத் தைரியமில்லை. தெரிந்ததை மட்டும் சொன்னேன்: ரெண்டுக்கும் வேதத்துல ஒரே வார்த்ததான் அண்ணே.

"செரி. வெட்டு."

கரையில்

கடல் தண்ணீர் படுகிற இடத்தில் ஸ்டிக்கர் நிற்காது. அதனால் எழுத்தை அச்சாக வெட்டி, வள்ளத்தின் முன்பகுதியில் ஒட்டி, அதன்மேல் எனாமல் பெயிண்ட் அடித்து அச்சை உரித்து எடுப்போம். சுயம்பு அண்ணனே பிரஷ்ஷோடு வந்தார். உரித்த அச்சைக் கசக்கிப் போடாமல் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். சாமியார் மந்திரித்துத் தீர்த்தம் தெளித்தார். இது யார் பெயர் என்று கேட்டவர்களுக்கெல்லாம் மைனியே பதில் சொன்னார்: சொந்தக்காரருக்க பேரு.

பத்துப் பேர் சேர்ந்து வள்ளத்தை அலைக்குள் தள்ளினார்கள். மைனி தண்ணீர் கால் நனைக்கிற இடத்தில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, அந்த எழுத்தைப் பார்த்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டே நின்றார். சூசை அண்ணன் இன்ஜினைத் தட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். இந்த முறை முகத்துக்கு நேராகவே பார்த்தார். "மைனி! தெய்வத்துட்ட இன்னைக்குப் போட்ட சண்ட முடிஞ்சா?" என்று கத்தினார். கரையில் நின்ற எல்லோரும் திகைத்துப்போனோம். மைனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த சிரிப்பை அடக்காமலே பதிலுக்குக் கத்தினார்.

"நீ ஒழுங்காக் கரைக்கு வா மொதல்ல! மத்தத நான் அவர்ட்ட கேட்டுக்கிடுதேன்!"

எபிரெயத்தில் விடுதலைக்கு எத்தனை வார்த்தை இருந்தாலும் உப்புத் தண்ணீரில் நிற்க இரண்டு கோட் பெயிண்ட் வேண்டும் என்பதுதான், எங்கள் வீட்டு முதல் பட்டதாரி இதுவரை 'இருக்கலாம்' போடாமல் சொல்லக்கூடிய இன்னொரு விஷயம்.